புக்கிட் பாரு ஏறிய படகு

‘அன்னபூரணி’ என்கிற பாய்மரப் படகு கடலை விட்டுக் கிளம்பி புக்கிட் பாரு மேட்டில் ஏறி நிற்கிறது என்ற செய்தி, மலாக்காவின் காஜா பேராங் சந்துக்கு ஒரு புதன்கிழமை காலை பசியாறும் நேரத்தில் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் கமலவேணி. அந்தச் சந்துக்குள் செய்தி என்று ஒன்று கால் வைத்தால், முதலில் அவள் வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும்.

“நல்லையாண்ணே, புக்கிட் பாருவுக்கு இனிமே பஸ் வேணாமாமே. உங்க படகே போகுதாம்” என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி.

தோசையைப் பிட்ட நல்லையாவின் விரல் அப்படியே நின்றது. படகு ஓர் அடிகூட நகரவில்லை என்று அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். மலாக்கா ஆறு கடலில் விழும் இடத்துக்குச் சற்று வெளியே, நங்கூரம் போட்ட இடத்தில்தான் அது ஆடிக்கொண்டிருந்தது. புக்கிட் பாருவில் நிற்பதாகச் சொன்னது அதிலிருந்த கருவி. போன வாரம் அதே கருவி படகைக் கிளேபாங் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. கருவிக்குப் பொறுப்பு நல்லையா.

சுதந்திரம் வந்து ஒரு வருடம்கூட நிறையாத சித்திரை மாதம் அது. தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர்கள் ஒவ்வொருவராகச் சாமான்களை ஏலம் போட்டுவிட்டு ஊருக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பியானோவை வாங்கி அதன்மேல் அரிசி மூட்டை அடுக்கியவர்கள்கூட மலாக்காவில் உண்டு. ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக் கடை வைத்திருந்த சிதம்பரநாதன் செட்டியார் ஒரு துரையின் பாய்மரப் படகையே வாங்கிவிட்டார். இரண்டு பாய்மரம், அன்னம்போல வெள்ளை உடம்பு. பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சரக்கு ஏற்றி அனுப்ப எண்ணம்.

துரை அதில் இரண்டு ரேடியோ வைத்திருந்தார். ஒன்று பேசுவதற்கு. அதில் கோளாறே இல்லை; படகோட்டி லெமான் போடுகிற சத்தத்துக்கு ரேடியோ இல்லாமலே கரைக்குக் கேட்கும். மற்றொன்று இடம் சொல்வதற்கு. அறைக் கூரைமேல் சல்லடை வளையம்போல ஒன்று நிற்கும். அதைக் கையால் திருப்பத் திருப்ப, தூரத்துக் கரை நிலையம் அனுப்பும் ஒலி பெருத்தும் சிறுத்தும் வரும். எந்தப் பக்கம் திருப்பும்போது ஒலி அடியோடு செத்துப்போகிறதோ, அதை வைத்து நிலையம் இருக்கும் திசையைக் கணிக்கலாம். இப்படி இரண்டு நிலையங்களைப் பிடித்து வரைபடத்தில் இரண்டு கோடு போட்டால், அவை வெட்டும் புள்ளியில் படகு. மழை மூட்டத்தில் கரையே தெரியாவிட்டாலும் கவலையில்லை.

செட்டியாரின் அப்பா காலத்துப் படகு ஒன்று அப்படியொரு மூட்டத்தில் மணல் திட்டில் ஏறி உடைந்தது. ஆகவே அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன் நல்லையா. கருவி உண்மை சொன்னா திங்கக்கிழமை சரக்கு ஏறும். இல்லன்னா படகைக் கைமாத்தி விட்டுருவேன்.”

படகு போனால் செட்டியாருக்கு ஒரு படகுதான் போகும். நல்லையாவுக்கு மகள் போய்விடுவாள்.

மனைவி இறந்து ஆறு வருடம். ஒரே பெண் மல்லிகா. தை மாதம்தான் அவளைச் சேதுபதிக்குக் கட்டிக்கொடுத்து, இரண்டு வீடு தள்ளியே குடி வைத்திருந்தார். சேதுபதி அன்னபூரணியில் வேலையாள். படகு சரக்குக்குக் கிளம்பும்வரை காவலுக்கு வாரத்தில் ஐந்து நாள் அதிலேயே தங்கல். காலையில் மல்லிகா கோப்பியோடு வருவாள், அப்பாவை நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவாள். அந்த நாலு கேள்வியில்தான் நல்லையாவின் நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று கோப்பியோடு வேறொன்றும் வந்தது.

“அப்பா, அவருக்கு சிங்கப்பூர்லேருந்து கடுதாசி. கப்பல் பட்டறைல வேலையாம். படகு ஓடலன்னா போறதுதான்னு சொல்றாரு.”

“நீ?”

“நான் இங்க இருந்து என்ன செய்ய?”

நல்லையா சீனி டப்பாவைத் தேடினார். அது அவர் முன்னாலேயே இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நல்லையா கை தேர்ந்த ஆள். யுத்தம் முடிந்த கையோடு பட்டாளத்துப் பட்டறையில் தொழில் பழகியவர். சுதந்திரம் அறிவித்த அன்று அந்தச் சந்தில் பாடிய பதினோரு ரேடியோவும் அவர் முன்னறை மேசையில் ஒரு தடவையாவது வயிற்றைத் திறந்து படுத்தவைதான். அப்பேர்ப்பட்டவருக்கு இந்தக் கருவி இரண்டு வாரமாகத் தண்ணி காட்டியது.

வால்வுகளை மாற்றினார். பேட்டரி முனையில் பூத்த பச்சைக் களிம்பைச் சுரண்டினார். வளையத்தின் இணைப்புகளை எல்லாம் புதிதாகப் பற்றவைத்தார். பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்து மூன்று நாள் ஓடவிட்டார்; தப்பே இல்லை. திரும்பப் படகில் மாட்டி அவரே வளையத்தைத் திருப்பிப் பார்த்தார். கோடு வெட்டிய இடம், படகு நின்ற இடம். சம்பான் தோணியில் ஏறிக் கரைக்கு வந்தார். மறுநாளே லெமானிடமிருந்து ஆள் வந்தது: “ரோசாக் லாகி.” மறுபடியும் கெட்டுவிட்டதாம்.

“உன்னைக் கண்டா இதுக்குப் பயம்” என்றார் லெமான் மலாயில், வெற்றிலையை மென்றுகொண்டே. “நீ கரையேறினதும் சேட்டையை ஆரம்பிக்குது. பேசாம நீயும் கூடவே பினாங்குக்கு வந்துடு.”

லெமான் குறித்து வைத்திருந்த நோட்டை நல்லையா வாங்கிப் பார்த்தார். மழை நாளில் கருவி ஒழுங்கு; வெயில் அடித்த காலையில் எல்லாம் கோளாறு. சூடுதான் காரணம் என்று முடிவுகட்டி, பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்குப் போர்த்தச் சொன்னார். சாக்குப் போர்த்திய முதல் நாள்தான் படகு புக்கிட் பாரு ஏறியது.

சேதுபதி நாளெல்லாம் படகிலேயே கிடப்பவன்; அவனைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அந்தக் கூத்தையும் சொல்ல வேண்டும். மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்வது அந்தக் குடும்பத்தில் கிடையாது. சேதுபதி வாசலுக்கு வந்தால் நல்லையா சட்டையைத் தேடிப் போவார். நல்லையா வந்தால் சேதுபதி துடைத்த சைக்கிளையே மறுபடி துடைப்பான். அவர் படகேறினால் அவன் முன்பக்கம் போய்க் கயிறு சுருட்டுவான். இருவருக்கும் இடையில் போகவேண்டிய பேச்செல்லாம் மல்லிகா வழியாகத்தான் போய்வரும். பதினைந்து நாள் முன்பும் அப்படித்தான். “அப்பா, அவருக்குக் கொஞ்சம் கம்பி வேணுமாம்” என்று வந்து நின்றாள். மாப்பிள்ளை கேட்டு மாமனார் எதற்கு என்று கேட்பாரா? புதுச் சுருளிலிருந்து பத்து கஜம் செப்புக் கம்பியை வெட்டிக் கொடுத்தார். பழைய கம்பி கிடந்தது. மாப்பிள்ளைக்குப் பழையதா கொடுப்பது.

வியாழக்கிழமையும் நல்லையா படகுக்குப் போனார். கருவி சமர்த்தாக இருந்தது. வீட்டுக்கு வந்து மேசைமுன் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, கரித்தூள் படிந்த பையோடு கமலவேணி உள்ளே வந்தாள். ஆற்றங்கரைக்கு அடுப்புக்கரி வாங்கப் போனாளாம். அடுப்புக்கரி சந்து முனையிலேயே கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

“உங்க மருமகன் வெளுப்பு நல்லா இருக்குண்ணே. நீலம் அளவாப் போடுறாரு” என்று தொடங்கினாள். “மூணு பனியன், ரெண்டு கைலி, அப்புறம் வாயால சொல்லக்கூடாத உருப்படி ரெண்டு. கரையிலேருந்தே தெரியுது.”

“நான் இப்பதான் வந்தேன். படகுல துணி எதுவும் இல்லியே.”

“எப்படி இருக்கும்? நீங்க சம்பான்ல கால வச்சீங்க பாருங்க, பாதி காயல, அம்புட்டையும் வாரிச் சுருட்டிட்டாரு. கொடியையும் கழட்டிக் கொண்டுபோய் உள்ள வச்சிட்டாரு. பின்ன, மாமனார் தலைக்கு மேல அதெல்லாம் ஆடலாமா? நல்ல வளர்ப்புண்ணே. நீங்க கரையேறி முதுகைக் காட்டினதும் திரும்பக் கட்டுனாரு. அவரு கட்டி முடிக்கிற வரைக்கும் நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“எங்க கட்டுனாரு?”

“ரெண்டு பாய்மரத்துக்கும் நடுவுல. முன் மரத்து இரும்பு வடத்துலேருந்து பின் மரத்து வடத்துக்கு. கொக்கி மாட்டி இழுத்து.”

“கயிறுதானே?”

“கயிறா? பளபளன்னு செப்புக் கம்பி. வெயில்ல மின்னுது. அதுல துணி காயப் போடுற அளவுக்கு யாரு வீட்டுலண்ணே வசதி இருக்கு?”

நல்லையா மேசைக்கடியில் இருந்த புதுச் சுருளைப் பார்த்தார். அதன் பளபளப்பு அவரைப் பார்த்தது.

மேலே இரண்டு மரங்களின் உச்சியையும் இணைத்து ஓர் இரும்பு வடம் ஏற்கெனவே உண்டு. ஒவ்வொரு மரத்தின் பக்கத்து வடமும் உச்சியிலிருந்து இறங்கி, உலோகச் சுற்று மூடிவிடாதபடி கீழே கயிற்றில் முடியும்படிதான் துரை அமைத்திருந்தார். நடுவே கம்பி குறுக்கே விழுந்தால் மேலே, பக்கம், கீழே, பக்கம் என்று சுற்றிவர ஒரே உலோகம். கூரைமேல் நிற்கும் சிறு வளையத்துக்குப் போட்டியாகப் பெரிய வளையம் ஒன்று. வரும் ஒலியை அது வாங்கித் திருப்பி வீசும். சின்னது எந்தப் பக்கம் கேட்பதென்று தெரியாமல் தடுமாறும். வெயில் நாளில் துணி காயும். மழை நாளில் கொடியே ஏறாது. ஈரச் சாக்கை நினைத்து நல்லையாவுக்குக் காது சூடானது.

“என்னண்ணே, முகம் ஒரு மாதிரி போகுது?”

“ஒண்ணுமில்ல. கோப்பி குடிக்கிறியா கமலவேணி?”

அவர் அவளுக்குக் கோப்பி கொடுத்தது அதுதான் முதல் தடவை. அதை அவள் வருடக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மல்லிகாவிடம் சொல்லி அனுப்பிக் கம்பியை எடுத்துவிடச் சொல்லியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் செட்டியார் நம்ப வேண்டுமே. நல்லையா ஏறியதும் கருவி ஒழுங்காவதை ஊரே பார்த்துச் சிரித்தாயிற்று. செட்டியார் முன்னாலேயே அது கெட்டுக் காட்ட வேண்டும். பிறகு அவர் முன்னாலேயே தேற வேண்டும். அதற்கு அந்த உருப்படிகள் மாமனார் தலைக்கு மேலேயே ஆடியாக வேண்டும். இந்தச் சேதியை எந்த மகள் வழியாகச் சொல்லி அனுப்புவது?

வெள்ளிக்கிழமை நல்ல வெயில். செட்டியாரோடு சம்பானில் ஏறும்போதே வெள்ளையாக ஏதோ ஆடுவது தெரிந்தது. சம்பான் நகர்ந்ததும் ஓர் ஆள் ஓடிவந்து கொடியில் கைவைப்பதும் தெரிந்தது. நல்லையா எழுந்து நின்றார். சம்பான் ஒரு பக்கம் சாய, செட்டியார் இரண்டு கையாலும் பலகையைப் பிடித்தார்.

“மாப்பிள்ளை, அவுக்காதீங்க. அப்படியே இருக்கட்டும்.”

படகில் அந்த ஆள் சிலையாக நின்றான். கல்யாணமாகி மூன்று மாதத்தில் மாமனார் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

“ஏன்யா, அவன் துணியை அவன் எடுத்தா உமக்கென்ன?” என்றார் செட்டியார்.

“அதுலதான் ஐயா படகே நிக்குது.”

மேலே ஏறியதும் லெமான் வளையத்தைத் திருப்பிக் கோடு போட்டார். படகு புக்கிட் பாருவில் நின்றது. “பார்த்தீங்களா தவுக்கே” என்றார் லெமான் முதலாளியிடம், தான் சொன்னது பொய்யில்லை என்ற திருப்தியோடு.

நல்லையா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “இப்ப அவுருங்க மாப்பிள்ளை.”

சேதுபதி மறுபக்கக் கடலைப் பார்த்துக்கொண்டே அவிழ்த்தான். லெமான் திருப்பினார். ஒலி செத்த இடம் மெல்ல நகர்ந்து வந்து, படகு நின்ற இடத்துக்கே கோட்டைக் கொண்டுவந்தது.

“திரும்பக் கட்டுங்க.” புக்கிட் பாரு. “அவுருங்க.” ஆற்றுமுகம். செட்டியார் விட்டபாடில்லை, இன்னொரு தரம் என்றார். கட்டும்போது ஈரக் கைலியிலிருந்து ஒரு சொட்டு அவர் நெற்றி விபூதியில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

“எத்தனை வாட்டி அவுத்துக் கட்டணும் மாமா?” என்றான் சேதுபதி, முகமெல்லாம் சிவந்து. அதுதான் அவனுடைய முதல் வார்த்தை.

“போதும் மாப்பிள்ளை. கயித்துல போட்டுக்குங்க.” பிறகு செட்டியாரிடம் திரும்பினார். “கம்பி நான் கொடுத்தது ஐயா. எதுக்குன்னு கேக்கல.”

செட்டியார் கொஞ்ச நேரம் அந்தக் கம்பியையும் பிறகு இரண்டு முகங்களையும் பார்த்தார். “இனிமே கேட்டுக்குங்க” என்றார். “திங்கக்கிழமை மிளகாய் மூட்டை வரும்.”

சிங்கப்பூர்க் கடிதத்தில் மல்லிகா ஊறுகாய் பாட்டிலைச் சுற்றிவைத்தாள்.

அந்த ஆற்றுமுகம் இப்போது அந்த இடத்தில் இல்லை. கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். அன்னபூரணி நங்கூரமிட்ட இடத்தில் இன்று யாராவது கார் நிறுத்திக்கொண்டிருக்கலாம். பதினோரு ரேடியோவும் போயின. ஆனால் அந்த வருடங்களில் காஜா பேராங்கில் இருந்தவர்கள் மாலை நாலு மணியை மறக்க மாட்டார்கள். நல்லையா தன் மேசைப் பெட்டியைப் படகுகள் பேசும் அலையில் திருப்பி வைப்பார். மல்லிகா கோப்பி எடுத்து வருவாள். கமலவேணி தற்செயலாக அந்தப் பக்கம் வருவாள், தினமும். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் இடத்தைச் சொல்லும், வளையம் காட்டிய அளவைச் சொல்லும். கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு ஒன்று சேர்த்துக்கொள்ளும்.

“மாமா, நாங்க கடல்லதான் இருக்கோம்.”