பட்டப்பகல் நிலா

மெரியல் வரைந்த தோட்டத்தில் முட்டைக்கோசுகள் ஆள் உயரம் நின்றன. பேரிக்காய் மரத்தடியில் மூன்று வெள்ளைக் குதிரைகள் படுத்துத் தூங்கின. மேலே, பட்டப்பகலில், வண்டிச் சக்கரம் போல ஒரு நிலா. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் அவர்கள் வீட்டுப் பின்புறத் தோட்டம்தான் அது. கரு கலைந்து படுத்திருந்த குளிர்காலம் முழுக்க ஜன்னல் வழியே பார்த்துப் பார்த்து, அவளுக்குள் அப்படி வளர்ந்துவிட்டது.

கணவன் ஹம்ஃப்ரியும் ஓவியன்தான். அவன் வரைந்த ஆற்றங்கரைகளுக்கும் மாடுகளுக்கும் லண்டனில் நல்ல பெயர். 1937 கோடையில், ஊர் மண்டபத்து ஓவியக் காட்சிக்கு அவள் படத்தையும் அவனே காரில் ஏற்றிப் போனான்.

திறப்பு நாளன்று மெரியல் போய்ப் பார்த்தபோது படத்தில் நிலா இல்லை. அந்த இடத்தில் பாந்தமான சாம்பல் மேகம். குதிரைகள் புல்லுக்குள் மறைந்திருந்தன. முட்டைக்கோசுகள் முழங்காலுக்கு இறங்கியிருந்தன. கீழே அவள் பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

"என்ன பண்ணி வச்சிருக்க?"

"அப்படியே மாட்டியிருந்தா சிரிச்சிருப்பாங்க மெரியல். உன் நல்லதுக்குத்தான் கொஞ்சம் சரி பண்ணேன்," என்றான் ஹம்ஃப்ரி.

"என் பேரை ஏன் விட்டுட்ட? அதையும் சரி பண்ணியிருக்கலாமே."

அவள் மேகத்தை விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது; சாயம் இன்னும் காயவில்லை. நேராகப் பின்னறைக்குப் போய், சாயத்தைக் கரைக்கும் டர்பன்டைன் பாட்டிலோடு வந்தாள். கழுத்துத் துணியை அவிழ்த்து நனைத்து, எல்லோர் முன்னாலும் துடைக்க ஆரம்பித்தாள்.

காட்சிக் குழுத் தலைவர் கர்னல் ஸ்ட்ரிக்லண்ட் ஓடி வந்தார். "மேடம், இங்க இதெல்லாம் கூடாது."

"கீழ யார் பேரு இருக்கு கர்னல்?"

"உங்க பேருதான்."

"அப்ப நீங்க போய் டீ குடிங்க."

நிலா மெல்ல வெளியே வந்தது. முட்டைக்கோசுகள் நிமிர்ந்தன. இரண்டு குதிரைகள் கிடைத்தன. மூன்றாவதை ஹம்ஃப்ரி கத்தியால் சுரண்டிவிட்டிருந்தான். அந்த இடத்தில் படத்தின் வெறும் துணி தெரிந்தது.

"வீட்டுக்குப் போய் அதை நானே சேத்துத் தரேன்," என்றான், முகம் வெளுத்து.

"வேணாம். அது இப்படியே இருக்கட்டும். நீ பண்ணதும் தெரியணும்ல."

படத்தைக் கழற்றச் சொன்னார் கர்னல். மெரியல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு படத்துக்குக் கீழேயே உட்கார்ந்துகொண்டாள். அவளை நகர்த்திவிட்டுக் கழற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. ரொட்டிக் கடைக்கார மிசஸ் டடன்ஹம் டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, படத்தையே வெகுநேரம் பார்த்தாள்.

"முட்டைக்கோசுக்கு என்னம்மா உரம் போட்ட?"

"ஒரு குளிர்காலம் பூரா அழுதேன்."

 டடன்ஹம் இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்டபம் பூட்டும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் வீட்டில், வெளிச்சம் நன்றாக விழும் வடக்கு அறையிலிருந்து ஹம்ஃப்ரியின் ஓவியச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்தாள் மெரியல். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.