பாட்டு பேசி முடிக்கட்டும்

"அந்தப் பாட்டு இன்னும் பேசியே முடிக்கல. அதுக்குள்ள ஏம்மா அதோட வாயை மூடுற?"

ஏழு வயது மகள் ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. தாய் அப்போது சாப்பாட்டு மேசையில் பாட்டுக் கலக்கும் இரவல் மிக்ஸர் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரு பாட்டிலிருந்து இன்னொரு பாட்டுக்கு மாறப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டின் வேகமும் நூல் பிசகாமல் ஒத்துப்போயிருந்தது. அவளுக்கே அதில் கொஞ்சம் பெருமைதான்.

"சரியாத்தானேடி மாத்தினேன்?"

"வேகமெல்லாம் சரிதான். ஆனா நான் ஒண்ணு சொல்லிட்டு இருக்கும்போதே நீ பக்கத்து வீட்டு அத்தைகூடப் பேச ஆரம்பிப்பியே, அந்த மாதிரி இருக்கு."

தாய் சிரித்துவிட்டாள். ஆனால் அந்தக் கேள்வி, செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல மறுநாள் வேலைக்கும் கூடவே வந்தது.

வேலை, துவைக்கும் கூடத்தில். விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளை ஆள் உயர இயந்திரங்களுக்குள் திணித்து, வெளியே இழுத்து, பிழியும் தொட்டிகளுக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எந்நேரமும் வாய்க்குள் ஏதாவது பாடிக்கொண்டே இருப்பாள் என்பதால் அங்கே அவளுக்கு ரேடியோ என்று பெயர். அவள் பாடுவது யாருக்கும் கேட்டதில்லை. அந்த இரைச்சலில் எல்லாரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். காதுக்கு மாட்டும் கவசங்கள் சூப்பர்வைசர் அறையின் கண்ணாடி அலமாரியில் வரிசையாகத் தொங்கின. ஆய்வு செய்ய ஆள் வரும் நாளில் எல்லாருக்கும் கொடுப்பார்கள். அவர்கள் போனதும் திரும்ப வாங்கி, துடைத்து, உள்ளே வைத்துப் பூட்டுவார்கள்.

ரேடியோவின் இடது காது போன வருஷமே அடங்கிவிட்டது. "அந்த இடத்துலயே நின்னீங்கன்னா அடுத்ததும் போயிடும்மா," என்றார் டாக்டர். வேறு வேலைக்கு அவள் எங்கே போவாள்? புருஷன் லாரியோடு கிளம்பினால் வாரக்கணக்கில் திரும்ப மாட்டான். அனுப்புவது வாடகைக்கே சரியாகிவிடும்.

ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் கடை முதலாளியின் மேடைத் துணிகளை அவள் துவைத்துக் கொடுப்பதுண்டு. பாட்டுப் போடும் பையன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோன ஒருநாள், "நான் போடட்டுமா முதலாளி?" என்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து சின்னச் சின்ன விசேஷங்களுக்கு அவளே டிஜே. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு, அவ்வளவுதான்.

போன வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"இங்க பாரு ரேடியோ. பாட்டு நின்னு நின்னு போனா இப்பல்லாம் ஆளுங்க எழுந்து சாப்பிடப் போயிடறாங்க. பெரிய இடத்துக் கல்யாண வரவேற்பு ஒண்ணு வந்திருக்கு. மத்தியானம் பூரா அறுபடாம ஒரே ஓட்டமாப் போகணும். நடத்திக் காட்டிட்டேன்னா இனிமே எல்லா விசேஷத்துக்கும் நீதான். அந்தத் துவைக்கிற வேலைய விட்டுடலாம். சொதப்பினியோ, மேடைத் துணி துவைக்கிறதோட நிறுத்திக்க."

"சரிங்க முதலாளி," என்றாள். ஒரு காது கேட்காது என்பதை மட்டும் சொல்லவில்லை. ஒற்றைக் காதுக்காரியை நம்பி எந்த முதலாளி மேடையைக் கொடுப்பார்?

மகளின் கேள்விக்கு விடை துவைக்கும் இயந்திரத்தில் கிடைத்தது. உருளை வலப்பக்கம் சுற்றும். ஒரு கணம் நிற்கும். பிறகு இடப்பக்கம் சுற்றும். இத்தனை வருஷமாக அந்த நிற்கும் கணத்தை அவள் கவனித்ததே இல்லை. அன்று கவனித்தாள். இயந்திரம் ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்ததைச் சொல்கிறது. பாட்டும் அப்படித்தானே. நாலு தட்டு ஒரு சொல் என்றால், சில சொற்கள் சேர்ந்து ஒரு வாக்கியம். வாக்கியம் முடிகிற இடத்தில் பாட்டு மூச்சு வாங்கும். புதிய பாட்டு பேச ஆரம்பிக்க வேண்டியது அங்கேதான்.

இன்னொன்றும் அங்கேயே புரிந்தது. பிழியும் தொட்டிகள் இரண்டு ஒரே சமயத்தில் முழு வேகத்தில் ஓடினால் தரை அதிரும், எது எந்தச் சத்தம் என்றே தெரியாது. ஒன்று இறங்க இறங்கத்தான் அடுத்ததை ஏற்றுவார்கள். இரண்டு பாட்டின் அடிநாதமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சேறாகக் குழம்புவது இதனால்தான். வீட்டுக்கு வந்ததும் பழைய பாட்டின் அடிநாதத்துக்கான பேஸ் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே புதியதன் பேஸை ஏற்றிப் பார்த்தாள். உள்ளங்கை மேசைமேல் இருந்தது. அதிர்வு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குக் குழந்தையை மாற்றிக் கொடுப்பது போல் மாறியது.

மற்ற டிஜேக்கள் ஒரு காதில் ஹெட்போன் வைத்து, வரப்போகும் பாட்டைக் கேட்பார்கள். மண்டபத்தை இன்னொரு காதால் கேட்பார்கள். அவளுக்கு அது முடியாது. மிக்ஸரின் ஓரத்தில், யாரும் தொடாமல் அழுக்கேறிக் கிடந்த ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் திருப்பினால் ஓடும் பாட்டும் வரும் பாட்டும் ஒரே காதில் கலந்து கேட்கும். அதைக் கண்டுபிடித்த அன்று அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, அந்தத் திருகின் அழுக்கைத் துணியால் துடைத்தெடுத்தாள். ஒரு கதவை மூடின கடவுள் பக்கத்திலேயே ஒரு திருகை வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

வரவேற்பு நாளன்று மகளையும் அழைத்துக்கொண்டு இரண்டாம் மாடி மண்டபத்துக்குப் போனாள். கேபிள் அண்ணன் முன்னமே வந்து பெட்டிகளையெல்லாம் மேலே ஏற்றியிருந்தார். கடையில் ஒயர் இழுப்பது, பெட்டி சுமப்பது எல்லாம் அவர்தான். அவளுக்கு இரண்டு மூன்று வயது மூத்தவராக இருந்தால் அதிகம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கை இடுப்பிலேயே இருந்தது.

பாட்டுப் போடுகிறவர் கேட்பதற்கென்று ஒரு சின்ன ஸ்பீக்கர் உண்டு. அதை மேடையின் இடப்பக்கம் வைக்க வேண்டும் என்பது முதலாளியின் ஏற்பாடு. கேபிள் அண்ணன் அதைக் காலால் மெல்லத் தள்ளி வலப்பக்கம் கொண்டுவந்தார்.

"அந்தப் பக்கம் பிளக் சரியில்ல தங்கச்சி."

"சரிண்ணே."

போன தடவை தரை ஈரம் என்றார். அதற்கு முந்தின தடவை ஒயர் எட்டவில்லை என்றார். ரேடியோ இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். சரியில்லாத அந்தப் பிளக்கில்தான் முதலாளியின் மேசை விசிறி ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

 தன் காது விஷயம் இவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. அவளிடம்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேபிள் அண்ணன் அதற்குள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போய்விட்டார்.

முதல் பாட்டு ஓடியது. கண்ணை மூடி அதன் மூச்சுக்காகக் காத்திருந்தாள். வாக்கியம் முடிந்தது. மிக்ஸரில் பாட்டை மாற்றும் ஃபேடரை நகர்த்தினாள். ஒன்று இறங்கியது, ஒன்று ஏறியது. கண்ணைத் திறந்தபோது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட நிற்கவில்லை. ஆடாமல் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவரின் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. குழந்தைகள் குதித்தன. பரிமாறுகிறவர்கள் தட்டோடு தாளத்துக்கு நடந்தார்கள். அடுத்த பாட்டு, அதற்கடுத்தது. அவ்வளவு பேருடைய கால்களும் ஒன்றாகத் தரையில் விழுவது அவள் உள்ளங்கால் வழியாக ஏறி வந்தது. ஒருவரையொருவர் தெரியாதவர்கள், பேசிக்கொள்ளாதவர்கள், எல்லாரும் ஒரே மூச்சாக. இதை நானா செய்கிறேன்?  

காலிப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த மகள் அவள் துப்பட்டாவை இழுத்தாள்.

"அம்மா, இது வேற பாட்டா? எப்பம்மா மாத்தின?"

விசேஷம் முடிந்ததும் முதலாளி விசிறியை அணைத்துவிட்டு வந்தார். "ம். பரவாயில்ல. துவைச்சுக் காயப்போட்டுட்ட எல்லாரையும். அடுத்ததிலிருந்து நீதான்." பிறகு மேடைப் பக்கம் கேபிள் அண்ணனைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இவன்தான் இப்ப இழுவை. படியேறி இறங்கவே நொண்டுறான். கேட்டா ஒண்ணுமில்லங்கிறான். இன்னொரு தடவை நான் வர்றதுக்குள்ள பெட்டியெல்லாம் மேல ஏறலன்னா, சின்ன வயசு ஆளாப் பார்த்துக்க வேண்டியதுதான்."

முதலாளி நின்றது அவளுடைய வலப்பக்கம். ஒரு சொல் விடாமல் கேட்டது.

துவைக்கும் கூடத்தில் அவள் விடைபெற்றுக்கொண்ட அன்று, கவசங்கள் கண்ணாடிக்குப் பின்னால் புதுசு போலவே மினுங்கின. அவள் இடத்தில் வேறொருத்தி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். ரேடியோ தன் பையிலிருந்த பஞ்சுச் சுருளை எடுத்து அவள் கையில் திணித்து, உதட்டை நன்றாக அசைத்து, "காதுல வச்சுக்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த விசேஷமும் அதே மண்டபத்தில்தான். கேபிள் அண்ணன் வருவதற்கு முன்பே ரேடியோ போய்விட்டாள். வேன்காரன் பெட்டிகளை மாடிப்படிக்கு அடியில் இறக்கிவிட்டு வேறு சவாரிக்குப் போய்விட்டான். காவல்காரர் சாப்பிடப் போயிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ரேடியோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஈர விரிப்பு மூட்டைகளைத் தூக்கின தோளுக்கு முதல் பெட்டி பெரிதாகத் தெரியவில்லை. பெரிய பேஸ் பெட்டிதான் உயிரை எடுத்தது. கட்டிப்பிடித்து, கேட்காத காதை அதன் முகப்புக் கம்பி வலையோடு அழுத்திக்கொண்டு, பாட்டை எண்ணுவது போல எண்ணி எண்ணி ஏறினாள். திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். பிறகு அடுத்த வாக்கியம்.

எல்லாம் மேலே சேர்ந்ததும், வலப்பக்கம் வைத்தால் யார் வேலை என்று தெரிந்துவிடும் என்று, சின்ன ஸ்பீக்கரை முதலாளி சொன்னபடி இடப்பக்கமே வைத்தாள். படியில் விழுந்திருந்த கால்தடங்களைத் துணியால் துடைத்தாள். பின்பக்கப் படி வழியாக இறங்கி, எதிரிலிருந்த பேருந்து நிழற்குடையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் கேபிள் அண்ணன் வேகவேகமாக வந்தார். படிக்கு அடியில் பெட்டிகள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். தெருவையும் பார்த்தார். ரேடியோ தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று, வெறுங்கையோடு ஏறினார். அதற்கே அவருக்கு வெகுநேரம் பிடித்தது.