எழுந்து நின்ற அண்ணன்

"ஒன்னு, ரெண்டு, தூக்கு!" என்று உத்தரவு போடுவது அண்ணன், தூக்குவது இரண்டு பெண்கள். காலமெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தம்மையே இறக்கும் வேலையையும் அவரே மேற்பார்வை பார்த்தார். பக்கவாதம் இடது பக்கத்தை முடக்கிவிட்டு, வாயை விட்டுவைத்திருந்தது. விட்டது தப்பு என்பது தங்கையின் எண்ணம்.

அரசு அலுவலகம் அனுப்பும் உதவிக்காரம்மா, காலையில் வந்து அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி, தன் முட்டியால் அவர் முட்டிக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்துவாள். தங்கை மறுபக்கம் தாங்குவாள். ஒற்றை ஆளுக்கு அடங்கும் உடம்பல்ல அது. குளிப்பாட்டி உட்காரவைத்தால்தான் தங்கை தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்து வேனைப் பிடிக்கலாம். பிடிக்காவிட்டால் அவள் இடத்துக்கு ஆள் தயாராக இருந்தது.

"யாருக்கு எவ்வளவு உதவின்னு புதுசா திட்டம் போடுறாங்களாம்," என்றாள் உதவிக்காரம்மா, அவர் முதுகைத் துடைத்தபடி. "நாளைக்கு ஒரு மேடம் பாக்க வராங்க. தேறிட்டீங்கன்னு நெனச்சா என்னை வேற வீட்டுக்கு மாத்திடுவாங்க. நாளைக்கு ஒருநாள் பெருமை பேசாதீங்கண்ணே."

"நான் எப்ப பேசினேன்?"

"நேத்து, கப்பலையே தூக்கினேன்னீங்க."

"சின்னக் கப்பல்."

அன்று மாலை ஒத்திகை நடந்தது. தங்கைதான் அதிகாரி. "நீங்களா குளிப்பீங்களா?" என்று கேட்டாள். அண்ணன் கண் செருகி, நாக்குத் தள்ளி, ஏறக்குறைய செத்தேபோனார்.

"இவ்வளவு வேணாம்ணா. முடியலன்னு சொன்னா போதும்."

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். வருகிறவர் மூக்கைப் பொத்தக்கூடாதே என்று அவளும் உதவிக்காரம்மாவுமாக வீட்டைக் கழுவி, அவருக்குச் சவரம் செய்து, தேய்த்த சட்டையும் போட்டுவிட்டார்கள். கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி இருந்தார். உதவிக்காரம்மா அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அதிகாரி சின்ன வயசுப் பெண். புதுச் செருப்பு கடித்து நொண்டிக்கொண்டே வந்தாள். "வணக்கம், ஐயா," என்று கைகூப்பினாள்.

படுத்த நாளிலிருந்து 'திரும்புங்க', 'காலை நீட்டுங்க' என்பதைத்தான் கேட்டிருந்தார் அண்ணன். வலது கையால் மேசையைப் பற்றினார். மருத்துவமனையில் நாலு பேர் பாடுபட்டும் நடக்காத காரியம்: எழுந்து நின்றார்.

"உக்காருங்கம்மா," என்றார் நின்றபடியே.



"குளிக்கிறதெல்லாம் எப்படி ஐயா?"

"நானேதான்."

"பொய் மேடம்! இவர் நின்னு நானே இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

"நிக்கிறாரே." அதிகாரி கைக்கணினியில் குறித்துக்கொண்டாள். "நீங்க நல்லா பாத்துக்கறதாலதான் இந்த முன்னேற்றம். எழுந்திரிக்கவே முடியாதவங்க எத்தனையோ பேர் காத்திருக்காங்க. எங்ககிட்ட ஆளு பத்தலைம்மா." குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. நொண்டிக்கொண்டே இறங்கிப் போனாள்.

தங்கை கதவைச் சாத்தினாள்.

"போயாச்சா?"

"போயாச்சு."

"புடி," என்று அவள்மேல் சாய்ந்தார். இருவரும் கட்டிலில் விழுந்தார்கள்.

"ஏண்ணா இப்படிப் பண்ணின? என் பொழப்பு போயிடுமே!"

அண்ணன் சுவரைப் பார்த்தார். "ஐயான்னு கூப்பிட்டாங்க," என்றார்.

அடுத்த வாரமே உதவிக்காரம்மாவின் வருகை நின்றது. திங்கட்கிழமை தங்கை தனியாகப் பட்டையைக் கட்டி, முட்டுக் கொடுத்து இழுத்தாள். பாதி நிமிர்ந்தவர் அவளையும் சேர்த்துக்கொண்டு தரைக்கு வந்தார். அடி ஒன்றும் பலமாக இல்லை, எழுப்பத்தான் வழியில்லை. ராத்திரியே நனைந்துபோன வேட்டியோடு அவர் தலை அவள் மடியில் கிடந்தது. வெளியே வேன் நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

மேசைமேல் கைப்பேசி அடித்து, தானே எடுத்துக்கொண்டது. அவர் கட்டிலிலிருந்தே பேச வசதியாக அவள் செய்துவைத்த ஏற்பாடு. அரசு அலுவலகத்திலிருந்து, பதிவுசெய்த பெண்குரல் இனிமையாகப் பேசியது: "எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா? ஆம் எனில், எண் ஒன்றை அழுத்தவும்."

அவளுடைய இரண்டு கைகளும் அண்ணனின் அக்குளுக்கடியில் இருந்தன. குரல் கொஞ்சம் பொறுத்து, முதலிலிருந்து கேட்டது.