ஆணியடித்த நம்பர்

“நீங்க ரெண்டு நாள் வரலேன்னா இந்த ஆபீஸ் என்ன ஆகுதுன்னு தெரியுமா உங்களுக்கு?”

பழைய மேனேஜர் ஒருமுறை அவளிடம் இப்படிக் கேட்டார். காய்ச்சலில் படுத்துவிட்டு அவள் திரும்பி வந்த காலையில், எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அவளிடம் கேட்கப்பட்டதெல்லாம் ‘ஏன் வந்தே?’ வகைக் கேள்விகள். ‘ஏன் வரலே?’ என்று ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

விபத்தில் அடிபட்டவர்களுக்கும், செத்தவர்களின் குடும்பத்துக்கும் இன்சூரன்ஸ் மனு எழுதிக் கொடுக்கிற ஆபீஸ் அது. மாடியில் ஏழு கம்ப்யூட்டர். கீழே, படிக்கட்டுக்கு அடியில், ஒரே ஒரு பிரிண்டர். மேலே அடித்ததைப் பென்டிரைவில் போட்டு அவள் கையில் கொடுத்தால், பத்தொன்பது படி இறங்கி, காகிதமாக்கி, பத்தொன்பது படி ஏறிக் கொண்டுவந்து வைப்பாள். அதற்காகத்தான் அவளுக்குத் தபாலம்மா என்று பெயர். ஏழு பென்டிரைவுக்கும் ஏழு நிறத்தில் நூல் கட்டியிருந்தாள். பச்சை நூல் கண்ணாடிக்காரருடையது. அவருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் அச்சாக வேண்டும். சிவப்பு நூல் மூலை மேஜைப் பெண்ணுடையது. பக்க எண் விடுபட்டிருக்கும், பார்த்துச் சொல்ல வேண்டும். பதினோரு வருடத்தில் முழங்கால் தேய்ந்ததே தவிர, ஒரு காகிதம் மேஜை மாறிப் போனதில்லை.

புதிய மேனேஜர் வந்த மூன்றாவது மாதம், மாடியின் நடுவில் ஒரு புதிய பிரிண்டர் வந்து உட்கார்ந்தது.

அதை மாட்ட வந்த சர்வீஸ்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு ஷூவின் அடி விட்டுப்போய், நடக்கும்போது சப்புக்கொட்டியது. மாடியில் அவரை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலையில்லாமல் நின்றிருந்தவள் அவள் ஒருத்திதான். அதனால் அவர் அவளிடமே பேசிக்கொண்டு வேலை பார்த்தார்.

“இதுக்கு ஒரு வீட்டு நம்பர் உண்டும்மா. ஏழு கம்ப்யூட்டரும் அந்த நம்பரைத் தேடித்தான் காகிதத்தை அனுப்பும். நம்பரை நான் ஆணியடிச்சு வெச்சுட்டேன். இதோ பாருங்க, மேனுவல். ஆட்டோன்னு விட்டா, ஒவ்வொரு தடவை அணைச்சுப் போடும்போதும் இது வேற வீட்டுக்குக் குடி போயிடும். ஏழும் பழைய வாசல்ல நின்னு கதவைத் தட்டிக்கிட்டிருக்கும்.”

“அப்போ யாருமே கீழ போக வேண்டாமாண்ணே?”

“எதுக்குப் போகணும்? உக்காந்த இடத்துல அமுக்கினா வந்துடுது.” சொன்ன பிறகுதான் அவர் அவளை நன்றாகப் பார்த்தார். “இங்க உங்க வேலை என்னம்மா?”

“இன்னிக்குக் காலையில வரைக்கும் இருந்துச்சு” என்றாள் அவள்.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் கண்ணாடிக்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே முதல் பக்கத்தை அடித்துவிட்டு, “அடேயப்பா, கூப்பிடறதுக்கு முன்னாடி வந்துடுச்சே! தபாலம்மா, உங்களுக்கு ரிட்டயர்மெண்ட்!” என்று கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் உப்புக்குச் சப்பாணியாய் உட்கார்ந்திருந்தாள். பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றியதற்கே மறுபடி ஊற்றினாள். மேனேஜர் ஒருநாள் போகிற போக்கில், “மாசக் கடைசியில உங்களைப் பத்திக் கொஞ்சம் பேசணும்மா” என்றார். நல்ல மனிதர்தான், அதனால்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

அவள் இருந்தது அண்ணன் வீட்டில். வாசலை ஒட்டிய அறையில் ஒரு கட்டில், ஒரு பெட்டி. புருஷன் போன பிறகு அவளுக்கென்று உலகத்தில் இருந்தது அந்தக் கட்டில்தான். அண்ணி கெட்டவள் இல்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். “காலையில போய் சாயந்திரம் வர்ற நாத்தனார் சொந்தம். நாள் முழுக்க வீட்லயே இருக்கற நாத்தனார் சுமை” என்று யாரோ ஒருத்தியைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வாள். ஊசி யாருக்கென்று கேட்டவளுக்குத் தெரியும்.

ஒரு மதியம் எல்லாரும் சாப்பிடப் பின்னறைக்குப் போயிருந்தார்கள். பிரிண்டரின் சின்னத் திரையில் இருந்த எழுத்துகளைக் கூட்டிப் படிக்க எட்டாம் வகுப்பு போதுமானதாயிருந்தது. சர்வீஸ்காரரின் விரல் போன வழியிலேயே அவள் விரலும் போனது. மேனுவல் என்றிருந்ததை ஆட்டோ ஆக்கினாள். அணைத்துப் போட்டாள். கீழே இறங்கித் தன் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கால் மணி நேரத்தில் மாடியிலிருந்து குரல் வந்தது. “தபாலம்மா! இது மூச்சு விடமாட்டேங்குது. பழையது ஓடுதா கீழ?”

சர்வீஸ்காரர் வர இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் படியேறி இறங்கியதில் முழங்கால் வீங்கிவிட்டது. அத்தனை நிம்மதியாக அவள் தூங்கி வெகுநாளாகியிருந்தது.

சர்வீஸ்காரர் வந்து திரையைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். “சேவ் பண்ணாம விட்டுட்டேன் போல. வயசாயிடுச்சு” என்று தன்னையே நொந்துகொண்டு, மறுபடி ஆணியடித்துவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து அவள் இரண்டாம் முறை செய்தாள். இந்தத் தடவை வந்தபோது அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. பேசாமல் வேலையை முடித்துவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் நின்று போனில் யாருக்கோ, “சரிங்க முதலாளி... சரிங்க... இல்லீங்க, இனிமே வராது” என்றார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

“திட்டறாங்களாண்ணே?”

“திட்டினா பரவாயில்லம்மா. ஒரே இடத்துலேருந்து மூணு புகார் வந்தா ஆளை நிறுத்திடறாங்க. இந்த வருஷம் கொண்டு வந்த சட்டம்.” தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “ரெண்டு ஆயிடுச்சு. சின்னவ இப்பத்தான் காலேஜ்ல சேர்ந்திருக்கா. இந்த வயசுல வேற கடையில போய் நின்னா, தாத்தா என்ன வேணும்னுதான் கேப்பான்.”

இனிமேல் அந்தப் பிரிண்டரைத் தொடுவதில்லை என்று அவள் அன்றைக்கு முடிவு செய்தாள். அந்த முடிவு சரியாக ஆறு நாள் தாங்கியது. ஏழாம் நாள் மேனேஜர் அவளை உட்காரச் சொன்னார். பதினோரு வருடத்தில் அவளை அந்த அறையில் யாரும் உட்காரச் சொன்னதில்லை. நாற்காலியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மெஷின் இப்ப ஒழுங்கா ஓடுது. இந்த மாசத்தோட முடிச்சுக்கலாமாம்மா? உங்களுக்கும் முட்டி வலி வேற...”

அவள் தலையாட்டினாள். வீட்டுக்குப் போய் அண்ணியிடம் எதையும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் மூன்றாம் முறை செய்தாள்.

அன்று கட்டடத்திலிருந்து விழுந்து செத்துப்போன ஒருவரின் மனைவி வந்து பெஞ்சில் காத்திருந்தாள். மூன்று மணிக்குள் அவளுடைய மனு போய்ச் சேர வேண்டும்; அதோடு கெடு முடிந்துவிடும். இரண்டரைக்குப் பிரிண்டர் கையை விரித்தது. மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. தபாலம்மா சிவப்பு நூல் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள், பதினாலு பக்கத்தையும் எடுத்து, பக்க எண் பார்த்து, தைத்து, அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். “நீங்க நல்லாயிருக்கணும்” என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லென்றிருந்தது. தபாலம்மா தன் கையை உருவிக்கொண்டாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு சர்வீஸ்காரர் வந்தார். திரையைத் தொட்டார். பிறகு மெல்லத் திரும்பினார். மாடியில் ஏழு பேர் இருந்தார்கள். அவர் கண் அந்த ஏழு பேரையும் தாண்டி, தொட்டியருகே தண்ணீர்க் குவளையோடு நின்ற அவளிடம் வந்து நின்றது. அதில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குத் தேவலை என்றிருக்கும். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டவர் காலி ரோட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

மறுபடி குனிந்தார். ஆட்டோவை மேனுவல் ஆக்கினார். அதற்கு மேல் ஒரு ரகசிய எண்ணும் போட்டுப் பூட்டினார். இனி அவரைத் தவிர யாரும் உள்ளே போக முடியாது.

மேனேஜர் போனை ஸ்பீக்கரில் போட்டபடியே அறையிலிருந்து வந்தார். “உங்க ஆளு இங்கதான் இருக்கார், அவர் காதுலயும் விழட்டும். மூணாவது தடவை சார் இது! நேத்து ஒரு குடும்பத்தோட பொழப்பே போயிருக்கும். நாளைக்கு வந்து உங்க மெஷினை எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்குப் பழைய மெஷின் போதும், தபாலம்மா போதும்.”

“மன்னிச்சுக்கங்க சார்” என்றது போன். பிறகு குரல் மாறியது. “யோவ், கேக்குதா? பையைக் கடையில குடுத்துட்டு வீட்டுக்குப் போ. நாளைலேருந்து வராதே.”

மாடியில் கீபோர்டு சத்தம் நின்றது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இரண்டும் ஒரே அறையில் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தன. அவள் குவளையைக் கீழே வைத்தாள்.

“அவர் மேல தப்பில்ல சார். நான்தான் மாத்தினேன். மூணு தடவையும்.”

மேனேஜர் போனை அணைத்துவிட்டு அவளைப் பார்த்தார். “எதை மாத்தினீங்க?”

“நம்பரை. மேனுவல்னு இருந்துச்சு, ஆட்டோ ஆக்கிட்டேன்.”

கண்ணாடிக்காரர்தான் முதலில் சிரித்தார். “தபாலம்மா, உங்க போன்ல அலாரம் வெக்கறதுக்கே நேத்து என்கிட்டதானே வந்தீங்க?”

“வந்தேன். ஆனா இது நிஜம் சார். எனக்குப் பண்ணத் தெரியும்.”

“பாவம் பாத்துச் சொல்றீங்க” என்றார் மேனேஜர். குரலில் உண்மையான பரிவு இருந்தது. “அவர் பேசிட்டிருந்ததைக் கேட்டு அப்படியே ஒப்பிக்கிறீங்க. நல்ல மனசும்மா உங்களுக்கு. ஆனா அடுத்தவங்க தப்பை இப்படித் தலையில போட்டுக்கக் கூடாது.”

“செஞ்சு காட்டறேன்.”

அவள் பிரிண்டரிடம் போனாள். எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள், குழந்தை பாட்டுப் பாடப்போவதைப் பார்க்கிற முகத்தோடு. அவள் விரல் வழி தெரிந்து போனது. முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பிறகு நாலு காலிக் கட்டங்கள் வந்தன. ரகசிய எண் கேட்டது.

“தெரியலையா?” என்றாள் மூலை மேஜைப் பெண், இதமாக.

“இது முன்னாடி இல்ல. இப்பத்தான் போட்டிருக்கார். அண்ணே... நீங்க சொல்லுங்கண்ணே. நான்தான்னு உங்களுக்குத் தெரியும். சொல்லுங்க.”

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை போதும். அவர் பேர் மீளும், அவள் அன்றைக்கே வீட்டுக்குப் போவாள். அது அவருக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்லிவிடக் கூடாதே என்றும் அதே நெஞ்சுதான் அடித்துக்கொண்டது. அந்த இரண்டாவது அடிப்பை அவளால் நிறுத்த முடியவில்லை.

அவர் ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துப் பைக்குள் போட்டார். கேபிளைச் சுற்றி ரப்பர் பேண்ட் மாட்டி அதையும் வைத்தார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பின்னால் இழுத்து மறுபடி மூடினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுற்றி நின்றவர்களுக்கு நடுவே அவர்களே விட்ட வழியில், அவளைத் தாண்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.