கழிவுத் தூள்

விடியற்காலை ஐந்தரைக்கே இன்ஷிராஹ் கழிவுத் தூளைச் சலிக்க உட்கார்ந்துவிட்டாள். கெய்ரோவில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய தெருவில் ஷவ்கியின் ஜெராக்ஸ் கடை. நான்கு இயந்திரங்களின் வயிற்றிலும் முந்தைய நாள் அச்சுக்குப் போக மிஞ்சிக் கழிந்த டோனர் என்னும் கறுப்பு மைத்தூளைப் பழைய காலுறையில் கொட்டி, முடிச்சுப் போட்டு, தகர டப்பாவுக்குள் தட்ட வேண்டும்; சலித்த தூள் மறுபடி இயந்திரத்துக்கே போகும். தட்டத் தட்ட மூக்கு, இமை, பல்லிடுக்கு எல்லாம் கறுக்கும். புதுத் தூள் விலை ஏறியதும் ஷவ்கி கண்டுபிடித்த சிக்கனம் இது. சிக்கனம் அவருக்கு, இருமல் இவளுக்கு.

பக்கத்து இயந்திரக்காரன் பெஷாய் ரொட்டியை மென்றுகொண்டே சொன்னான்: “அக்கா, வாயைக் கட்டிக்கிட்டாவது தட்டேன்.”

“கட்டினா மூச்சு முட்டுது, கட்டாட்டி இருமல் முட்டுது. எது வேணும், நீயே சொல்லு.”

பரீட்சைக்கு மூன்றே நாள். எட்டு மணிக்கெல்லாம் வாசலில் மாணவர்கள் நெருக்கியடித்தார்கள். ஒன்பது மணிக்கு ஒரு மாணவி காகிதக் கட்டோடு திரும்பி வந்தாள். “ஒரு எழுத்துகூடத் தெரியல. எல்லாம் சாம்பல் பூசின மாதிரி இருக்கு!”

ஷவ்கி எழுந்து வந்தார். “பத்து வருஷமா இந்த மெஷினைக் கட்டிக்கிட்டு அழற, இன்னும் தொடைக்கத் தெரியலையா?”

“தொடைக்கிறதுல இல்ல ஹாஜி. தூள்லதான் கோளாறு.”

“கறுப்பாத்தானே இருக்கு? அப்புறம் என்ன?”

இன்ஷிராஹ் இயந்திரத்தின் கதவைத் திறந்தாள். உள்ளே காந்த உருளையைச் சுற்றி இரும்புப் பொடி பிரஷ் மயிர்போல எழுந்து நின்றது.

“இந்த இரும்போட உரசினாத்தான் தூள்ல மின்சாரம் ஏறும். ஏறினாத்தான் இரும்பைப் பிடிச்சுக்கிட்டு வந்து, அந்தப் பெரிய உருளையில எழுத்து இருக்கிற எடத்துக்கு மட்டும் தாவும். நீங்க சலிக்கச் சொல்றது ஒரு தடவ உழைச்சு ஓஞ்சது, காகிதத் தூசி கலந்தது. எவ்வளவு உரசினாலும் சரியா ஏறாது. எதையும் பிடிக்காம வெள்ளை எடத்துல விழும். மிச்சம் எங்க நெஞ்சுல விழும்.”

“பல்கலைக்கழகம் பக்கத்துல இருந்தா நீயும் பேராசிரியரா? நெஞ்சு சரியில்லாதவ வீட்ல போய்ப் படு. மெஷினைக் காலி பண்ணிட்டுக் கெளம்பு!”

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேலையை விடுகிறவர் தம் இயந்திரத்தின் இரும்புப் பொடியைக் கொட்டி, முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். புதிதாக வருகிறவர் புதுப் பொடியோடு தொடங்குவார். ஒருவர் பழி இன்னொருவர் தலையில் விழாது. பொடி இல்லாத இயந்திரம் சுற்றும், வெளிச்சம் போடும், வெறும் வெள்ளைத் தாளைத்தான் துப்பும்.

இன்ஷிராஹ் கொட்டினாள். இந்தச் சம்பளத்தை நம்பி வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இதற்குத்தானா பத்து வருஷம்? டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

அதன் பக்கத்தில் இன்னொரு டப்பா வந்து உட்கார்ந்தது.

“நீ எதுக்குடா?” என்றார் ஷவ்கி.

“என் மெஷினும் காலி, ஹாஜி,” என்றான் பெஷாய். மூன்றாம் இயந்திரத்து வஹீத் வைத்தான். வாய் திறந்து பேசியே அறியாத தஹானி நான்காவதை வைத்தாள்.

“போங்க! நாளைக்கே நாலு பேர் வருவாங்க!”

“எங்க போறோம்? வாசல்லதான் உக்காருவோம்,” என்றான் பெஷாய். “புதுத் தூள் வரட்டும், அக்காவுக்கு வேலை திரும்பட்டும். பொடியை நாங்களே போட்டுத் தர்றோம்.”

ஷவ்கி தாமே ஒரு டப்பாவை இயந்திரத்துக்குள் கவிழ்த்துப் பார்த்தார். பாதி தரையில், பாதி அவருடைய வெள்ளை அங்கியில். வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். ஆத்திரத்தில், மாணவர்கள் படியெடுக்கத் தந்த பாடக்கட்டுகளை எதிரே இருந்த ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பினார்.

கால் மணி நேரத்தில் எதிர்க்கடையில் வேலை பார்க்கும் ஸவ்ஸன் அந்தக் கட்டுகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் கறுப்பு.

“எங்க மெஷினும் இன்னைக்கு ஓடாது ஹாஜி.” கட்டுகளை மேசைமேல் போட்டுவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு பழைய காலுறையை உருவினாள். “எங்க முதலாளிக்கு இந்த யோசனையைச் சொன்னது நீங்கதானாமே?”

ஷவ்கி அங்கியில் ஒட்டிய பொடியைத் தட்டத் தொடங்கினார். புதுத் தூள் வரவில்லை. வாசல் படியில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்த இன்ஷிராஹ் இருமி, கறுப்பாகத் துப்பினாள். பிறகு படியில் நகர்ந்து, ஸவ்ஸனுக்கும் உட்கார இடம் விட்டாள்.