சப்பையான வட்டம்

மாப்பிள்ளைக்கு, அதாவது என் தங்கை புருஷனுக்கு, காலில் சீழ் நிற்கவே இல்லை. எங்கள் லேப் ரிப்போர்ட்டிலோ அவருக்குப் போடும் கிளிண்டாமைசினுக்கு நேராக "எஸ்" என்று இருந்தது. கிருமி இந்த மருந்துக்கு அடங்கும் என்று அர்த்தம். அடங்காவிட்டால் "ஆர்". அடங்குகிற கிருமி ஏன் இப்படி ஆட்டம் போடுகிறது? நாளை மறுநாள் வரை பார்ப்போம், இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர்.

எனக்கு எங்கள் லேப் டெக்னீஷியன் கண்ணாடிக்காரர் மேல்தான் சந்தேகம். அந்தப் பரிசோதனையைச் செய்தவர் அவர். பார்க்காமலே எழுதித் தள்ளியிருப்பார் என்று நேரே அவர் மேஜைக்குப் போனேன்.

"பிளேட் எங்கே?"

"என்ன மேடம், எம்மேல சந்தேகமா?"

"ஆமா. எடுங்க."

எடுத்தார். கிருமி படர்ந்த தட்டில், கிளிண்டாமைசின் வில்லையைச் சுற்றி மட்டும் கிருமி வளராத வெறும் வட்டம். அது போதுமான அகலம் இருந்தால் எஸ். அவருடைய ஸ்கேலையும் நம்பாமல் என் ஸ்கேலால் அளந்தேன். எஸ்ஸேதான், சனியன்! அப்போதுதான் எரித்ரோமைசின் என்ற இன்னொரு மருந்தின் வில்லை தட்டின் அந்தக் கோடியில் கிடப்பதைக் கவனித்தேன்.

"இதை ஏன் இவ்ளோ எட்ட வெச்சீங்க?"

"கிட்ட வெச்சா வட்டம் கோணலாயிடுது மேடம், அளக்க முடியல. இப்ப பாருங்க, எவ்ளோ நீட்டா இருக்கு!"

நீட்டாம், நீட்டு! சில கிருமிகள் பலே கள்ளத்தனம் பிடித்தவை. பக்கத்தில் எரித்ரோமைசின் இருந்தால்தான் கிளிண்டாமைசினை எதிர்க்கும் குணத்தை வெளியே காட்டும். இரண்டையும் கிட்ட வைக்கச் சொல்வதே அதற்குத்தான். நானே கிட்ட வைத்து மறுபடி டெஸ்ட் போட்டேன்.

மறுநாள் காலை, எரித்ரோமைசின் பக்கமாக வட்டம் கட்டைவிரலால் அழுத்தியதுபோல் சப்பையாகியிருந்தது. அளவு என்னவோ எஸ்தான். எழுத வேண்டியது ஆர். கண்ணாடிக்காரருக்கு முகம் செத்துவிட்டது.

டாக்டர் உடனே வேறு மருந்து எழுதினார். அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக்கூடும், அதனால் வீட்டார் கையெழுத்து வேண்டும் என்றார். தங்கை பேனாவைத் தொடவில்லை.

"அன்னிக்குக் கேக்கும்னு சொன்னது உங்க லேப்பு. இன்னிக்குக் கேக்காதுன்னு சொல்றதும் உங்க லேப்பு. யார் தப்பை மூடி மறைக்கிறீங்கக்கா?"

சுருக்கென்றது. அவள் இடத்தில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

"தப்பு எங்களுதுதான்டி. நீ எங்களை நம்பவே வேணாம். நானும் நம்பல, அதனாலதான் தெரிஞ்சுது. ஆனா பழைய மருந்தையே போட்டா கால் போயிடும்."

என்னைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.

"இதுக்கப்புறமும் கால் போச்சுன்னா, என் வீட்டு வாசல்ல வந்து நிக்காதே."