ஒரு மாதத்துக்குக் காரணம்

அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய சங்கை இடுப்பில் ஒளித்துவிட்டான் என்று சொல்லி, கரையில் நாலு பேர் பார்க்க மீன்துறை அதிகாரி தேவபிரசாதம் ரோச்சை அறைந்தது எழுபத்தைந்தாம் வருடம். சங்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அறை மட்டும் காதோடு சேர்ந்து விழுந்து, செவிப்பறை கிழிந்தது.

ரோச் தூத்துக்குடியில் சங்கு குளிப்பவன். காது போனவனை எந்த வள்ளத்திலும் ஏற்ற மாட்டார்கள்; கடலடியில் அவனுக்குத் தலை சுற்றினால் கூட இறங்கியவன் உயிருக்கும் ஆபத்து. அதனால் வலியை மென்று விழுங்கி, பஞ்சை அடைத்துக்கொண்டு தொழிலுக்குப் போனான். தலையணையில் சீழைப் பார்த்து மனைவி மரியசெல்வி பிடித்துக் கேட்டபோது பதின்மூன்று மாதம் ஓடியிருந்தது. அவள் வழக்குப் போட்டே தீர வேண்டும் என்று நின்றாள்.

"கன்னத்துல அடிச்சான்னு மட்டும் எழுதச் சொல்லு. காதப் பத்தி மூச்சு விடாத ஏளா" என்றான் ரோச்.

அரசு அதிகாரி மேல் வழக்குப் போட அரசாங்கமே அனுமதி தர வேண்டுமாம். நாசரேத்து வக்கீல் கிருபாநிதி மனு அனுப்பினார். அதன் மேல் அரசாங்கம் ஒன்றரை வருடம் கால் நீட்டிப் படுத்துத் தூங்கியது.

ஒருவழியாக அனுமதி வந்து கோர்ட்டுக்குப் போனால், அதிகாரியின் வக்கீல் எழுந்தார். அடிதடிக்கு ஒரு வருடம்தான் கெடு, இது இரண்டரை வருடப் பழசு, தள்ளிவிடுங்கள் என்றார்.

"அனுமதிக்குக் காத்திருந்த காலத்தைச் சட்டம் கணக்கில் சேர்க்காது" என்றார் கிருபாநிதி.

மாஜிஸ்திரேட் ஒப்புக்கொண்டார். "ஆனால் அதைக் கழித்தாலும் ஒரு மாதம் கூடுதலாக இருக்கிறது. தக்க காரணம் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். ஏன் தாமதம்?"

மரியசெல்வி மனசுக்குள் பொருமினாள். ஒன்றரை வருடம் தூங்கியவர்களை ஏன் என்று கேட்க நாதியில்லை. அடிபட்டவனின் ஒரு மாதத்துக்கு மட்டும் காரணம் வேண்டுமாம்.

ரோச் தொழிலுக்குப் போகும் வள்ளத்தின் சொந்தக்காரர் மனுவேல் சாட்சி சொல்ல வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார். ரோச் அவரைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். சொல் என்றும் சொல்லாதே என்றும் காட்ட முடியாமல் அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"காது போச்சுய்யா" என்றான் ரோச். "வெளிய தெரிஞ்சா வள்ளத்துல ஏத்த மாட்டாவ. அதான் மறைச்சேன்."

தாமதம் மன்னிக்கப்பட்டது. வழக்கு விசாரணைக்கு ஏற்கப்பட்டது.

வெளியே வந்ததும் மனுவேல் ரோச்சின் தோளைத் தொட்டார். கெட்ட மனிதர் இல்லை. "ஏலே, மனசுல வச்சுக்காத. இனிமே தொழிலுக்கு வரண்டாம். கூட இறங்குறவன் வீட்டுக்கு நான் பதில் சொல்லணும்லா." ரோச் தலையை ஆட்டினான்.

தேவபிரசாதம் ஜீப்பில் ஏறி, சங்கு எண்ணக் கரைக்குப் புறப்பட்டார். கிருபாநிதி வேகமாக வந்தார். "நம்ம வழக்கு செல்லும்னு ஆயிட்டும்மா. இனி அவன் கூண்டுல ஏறித்தான் ஆகணும்."

"ஏறட்டும் ஐயா" என்றாள் மரியசெல்வி. "அடிச்சவன் வேலைக்குப் போறான். அடிபட்டவன் வேலை இப்பதான் போச்சு. இதுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கினாவன்னு உள்ள போய்க் கேட்டுட்டு வாங்க."